விசையின் எடையும் விரலின் பழக்கமும்: .22 ரைஃபிளில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

வேலூர்ப் பக்கத்தில், 0.22 அங்குலக் குறுக்களவுள்ள தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிளைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் வருகிறார்கள். முதல் வாசல் என்.சி.சி. முகாம். மண்மேட்டுக்கு எதிரே படுத்து நாலைந்து தோட்டா சுட்ட ருசி சிலரை விடுவதில்லை. இரண்டாவது வாசல் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதற்கு ஒரு நீளமான கூடம் போதும், குறிப்பிட்ட திறனுக்குட்பட்ட .177 ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கி உரிமமும் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவது இந்த வழியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுடும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற பிறகு, ஏர் ரைஃபிளோடு நின்றுவிடாமல் .22க்கு நகர வேண்டும் என்ற பேச்சு கூடியிருக்கிறது. அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர் என்பதில் காட்பாடிக்காரர்களுக்குத் தனிப் பெருமை.

எந்த வாசலில் வந்தாலும் சில மாதங்களுக்குள் ஒரே கேள்வி எழுகிறது. "சார், டிரிகரை மாற்றினால் பாயின்ட் ஏறுமா?" கேட்பது பெரும்பாலும் பிள்ளை அல்ல, பிள்ளையின் தந்தை. ஏர் ரைஃபிளில் 100 கிராம் அழுத்தத்துக்குப் பழகிய விரலைக் கொண்டுபோய், யாரோ ஒரு பெரியவர் கொடுத்த பழைய .22 ரைஃபிளின் விசையில், அதாவது டிரிகரில், வைத்தால், அது பாறையைப் போல் நிற்கிறது. பிள்ளை இழுக்கிறது, ரைஃபிளும் கூடவே வருகிறது. தந்தைக்கு அப்போதே புரிந்துவிடுகிறது, குற்றவாளி விசைதான் என்று.

பாதி சரி. விசை குற்றவாளிதான். ஆனால் குற்றம் அதன் எடையில், அதாவது அதை விடுவிக்கத் தேவைப்படும் அழுத்தத்தில், இருப்பதைவிட, அது ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விடுபடுவதில் இருக்கிறது. எடையைக் குறைப்பதிலேயே குறியாக இருப்பவர்கள் பணத்தையும், சில சமயம் ரைஃபிளையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் இயந்திரவியலும் வேண்டும்.

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தோட்டாவின் குறுக்களவு 5.6 மி.மீ. துளையின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. தசமப் புள்ளி முறையில் இந்த 8 மி.மீ. மறுபடியும் 10.0 முதல் 10.9 வரை கூறுபோடப்படுகிறது. ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.8 மி.மீ.தான் இடம்.

இனி சுடுபவரின் பக்கம் வருவோம். தோளில் பதிந்த கட்டையின் முனையிலிருந்து குழலின் வாய் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளை அச்சாகக் கொண்டு குழலின் வாய் 0.1 மி.மீ. நகர்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும் வெள்ளைத் தாளின் தடிமன் அவ்வளவுதான். அந்த நகர்வு 50 மீட்டரில் 5 மி.மீ. விலகலாக மாறும். நடுமையத்தில் 10.9 ஆக விழ வேண்டிய தோட்டா 10.3 ஆகிவிடும். 60 தோட்டாக்கள் சுடும் போட்டியில் இப்படித் தொடர்ந்து இழந்தால் பட்டியலில் எங்கே போய் நிற்போம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் ஜாய்தீப் கர்மாக்கர் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றது 1.9 புள்ளி வித்தியாசத்தில்.

இந்தத் தாள் தடிமனில் விசைக்கு என்ன வேலை? ரைஃபிளின் எடை 5 கிலோ, விசையின் அழுத்தம் 2 கிலோ என்று கொள்வோம். வேட்டைக்கென்று செய்யப்பட்ட பழைய ரைஃபிள்களில் இது சாதாரணம். விரல் விசையை நேர்ப் பின்னாக, அம்பு விட்டாற்போல் இழுத்தால் பிரச்சினை குறைவு. ஆனால் மனித விரல் கீல்களால் ஆனது. நேர்கோட்டில் இழுப்பது அதன் இயல்பு அல்ல. இழுப்பு 5 பாகை மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தால், 2 கிலோவில் ஏறத்தாழ 170 கிராம் குறுக்கே தள்ளும். அதே சாய்வோடு 100 கிராம் விசையை இழுத்தால் குறுக்கே தள்ளுவது 9 கிராமுக்கும் குறைவு. எடை குறைந்த விசையின் நியாயம் இதுதான். நம் தவறுகளை அது திருத்துவதில்லை, சிறியதாக்குகிறது.

விசை விடுபட்ட பிறகும் தோட்டா உடனே கிளம்பிவிடுவதில்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தோட்டாவைத் தாக்கி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் முன்னே பாய்ந்து அதன் விளிம்பைத் தாக்கச் சில மில்லி விநாடிகள். மருந்து எரிந்து தோட்டா நீண்ட குழலைக் கடந்து வெளியேற இன்னும் ஏறத்தாழ 3 மில்லி விநாடிகள். .22 தோட்டாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர்தான். பெரிய ரைஃபிள் தோட்டாக்களோடு ஒப்பிட்டால் அது குழலுக்குள் சாவகாசமாகத் தங்கிப் போகிற ரகம். அந்தத் தங்கல் நேரத்தில் விரல் என்ன செய்கிறது என்பது இலக்கில் எழுதப்பட்டுவிடும்.

இப்போது ஆணியைக் கழற்றாமலே ரைஃபிளுக்குள் எட்டிப் பார்க்கலாம். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடும்போது ஃபயரிங் பின்னைத் தள்ளும் வலுவான ஸ்பிரிங் சுருங்கி நிற்கிறது. அதைப் பாயவிடாமல் பிடித்திருப்பது சியர் என்னும் சிறு எஃகுக் கொக்கி. விசையை இழுப்பது என்றால், இந்தக் கொக்கியை அதன் பிடியிலிருந்து நழுவவைப்பது. இரண்டு எஃகு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு தூரம் படிந்திருக்கின்றன, எவ்வளவு வழவழப்பாக இருக்கின்றன, அவற்றை எவ்வளவு வலுவான ஸ்பிரிங் அழுத்துகிறது ஆகிய மூன்றும்தான் விசையின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

எளிய ரைஃபிள்களில் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கின் முழு வலிமையும் நேராக இந்தப் பிடியின்மேல் விழுகிறது. பாரம் அதிகம், ஆகவே உராய்வும் அதிகம். போட்டி ரைஃபிளின் விசைப் பெட்டியில் இடையில் ஒன்றிரண்டு நெம்புகோல்கள் வைத்து, கடைசிப் பிடியின்மேல் விழும் பாரத்தைப் பல மடங்கு குறைத்துவிடுகிறார்கள். 100 கிராம் விசை ஆபத்தில்லாமல் சாத்தியமாவது இந்த அமைப்பால்தான். எளிய அமைப்பில் ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்தி அதே 100 கிராமை எட்ட நினைப்பது, லாரியின் பிரேக்கை மிதிவண்டிக் கம்பியால் பிடிக்கச் சொல்வது.

விசையில் அழுத்தம் தவிர விரல் உணரும் விஷயங்கள் வேறு சில உண்டு. விசை நகர்ந்துகொண்டே இருக்கும், எப்போது விடுபடும் என்று தெரியாது; சுடுதளமான ரேஞ்சில் இதை இழுவை என்பார்கள். மணல் அரைவதுபோல் இடையில் தட்டுத் தட்டாக நகர்ந்தால் அது முகங்களின் சொரசொரப்பு. விடுபட்ட பிறகு தடை சட்டென்று மறைய, விரல் பின்னே பாய்ந்து போய் மோதினால் அது மிகை ஓட்டம். தோட்டா இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே அந்த மோதல் நடந்துவிடுகிறது. என் அனுபவத்தில், ஒன்றரைக் கிலோ எடையுள்ள, இழுவையே இல்லாத, விடுபட்டதும் அங்கேயே நிற்கும் விசை, அரைக் கிலோ எடையுள்ள குழகுழத்த விசையைவிட நல்ல புள்ளி தரும்.

இரட்டை நிலை விசை என்பது இந்த நிச்சயமின்மைக்கு எதிராகக் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரம். முதல் நிலையில் லேசான ஸ்பிரிங்குக்கு எதிராக விசை சில மி.மீ. நகர்ந்து வந்து, ஒரு சுவரில் முட்டி நிற்கும். அங்கிருந்து சற்றே கூடுதல் அழுத்தம் கொடுத்தால் விடுபடும். மொத்த எடையில் பெரும்பகுதியை முதல் நிலையிலேயே விரல் ஏற்றுக்கொள்வதால், கடைசித் துளி மட்டும் மிச்சம். ஒற்றை நிலை விசையில் முன்னோட்டம் இல்லை. தொட்ட இடமே சுவர். எது உயர்ந்தது என்று சண்டை போடுபவர்கள் உண்டு. மூன்று நிலைப் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இரட்டை நிலையைத்தான் சொல்வேன். நின்று சுடும்போது நாடித் துடிப்பில் விரல் நடுங்கும். முட்டி நிற்க ஒரு சுவர் இருப்பது ஆறுதல்.

இது இந்த ஊருக்குப் புதிய சங்கதி அல்ல. வட ஆற்காட்டுக்காரர்கள் ராணுவத்தில் அதிகம் சேர்ந்தவர்கள். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் படைவீரர் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அங்குள்ள மூத்த தலைமுறை கற்றது லீ என்ஃபீல்டு 303 ரைஃபிளில். அதன் விசை இரட்டை நிலைதான். முதல் அழுத்தம் 3, 4 பவுண்டு. இரண்டாவது 5 முதல் 6.5 பவுண்டு வரை, அதாவது கிட்டத்தட்ட 3 கிலோ. அந்த விசையோடு கூட்டமாகத் தோட்டாக்களைப் பதித்தவர்கள் அவர்கள். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். "முதல் அழுத்தத்தை எடு கண்ணு. சுவர் தட்டுகிறதா? அங்கேயே நில். மூச்சைப் பாதி விடு. இனி நீ சுட வேண்டாம், துப்பாக்கி தானாகச் சுடட்டும்." பிறகு அவர் குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, தோட்டா இல்லாமல் விசையை இழுக்கச் சொன்னார். நாணயம் விழுந்தது. மறுபடியும் வைத்தார். விழாமல் நிற்கும் வரை அவர் தோட்டாப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

சரி, நம் கைக்குக் கிடைக்கும் ரைஃபிள்கள் எவை? என்.சி.சி.யின் .22 ரைஃபிள் அரசின் சொத்து. அதில் திருகாணியைத் தொடும் பேச்சுக்கே இடமில்லை. தனியார் கையில் இருப்பவற்றில் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்ட பிர்னோ மாடல் 2 பழைய உரிமதாரர்களிடையே மதிப்புள்ள பெயர். நேர்த்தியான குழல், எளிமையான விசை. ஆனால் அது போட்டிக்காகப் பிறந்ததல்ல. போட்டி ரைஃபிள் என்றால் ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகிய பெயர்கள் வரும். 1856இல் செல்லா மெலிஸில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950இல் உல்ம் நகரில் மீண்டும் எழுந்த ஆன்ஷுட்ஸ் நிறுவனத்தின் ரைஃபிள்கள் நம் தேசிய அளவிலான ரேஞ்சுகளில் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அவற்றின் விசை தனிப் பெட்டியாகப் பொருத்தப்படுகிறது. 5018 என்ற எண்ணுள்ளது இரட்டை நிலை, 5020 ஒற்றை நிலை. முதல் நிலையின் எடை, இரண்டாம் நிலையின் எடை, பிடிப்பின் ஆழம், மிகை ஓட்டத்தின் தடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகாணி.

சர்வதேச விதிகளில் 50 மீட்டர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச விசை எடை கிடையாது. பிஸ்டலுக்கு உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 500 கிராம் எடைக்கல்லை விசையில் தாங்கி, குழல் செங்குத்தாக நிற்க, மேசையிலிருந்து தூக்கிக் காட்ட வேண்டும். விடுபட்டுவிட்டால் அனுமதி இல்லை. ரைஃபிள்காரர்களுக்கு அந்தச் சோதனை இல்லாததால், எவ்வளவு குறைத்தாலும் கேட்க ஆளில்லை என்ற துணிச்சல் வந்துவிடுகிறது.

அந்தத் துணிச்சலில் பிறந்த யோசனைகளில் புகழ்பெற்றது பேனா ஸ்பிரிங். பிர்னோவின் வழியில் வந்த சி.இசட். 452 ரைஃபிளில் விசை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை நறுக்கிப் பொருத்துவது வெளிநாடுகளில் பரவலான வழக்கம். எடை உண்மையில் குறையும். ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. விரலை எடுத்ததும் விசையை முன்னே தள்ளி, கொக்கியை முழு ஆழத்துக்குப் பிடிப்பில் உட்காரவைப்பது. ஸ்பிரிங் சோர்ந்தால் கொக்கி பாதியில் நிற்கும். அடுத்த தோட்டாவைப் போட்டு போல்ட்டை வேகமாக மூடும்போது, விரல் விசையைத் தொடாமலே ரைஃபிள் வெடிக்கும். மேல்ஆலத்தூரில் ஒரு பேனா மூன்று ரூபாய்க்குக் கிடைக்கலாம். அது செய்ய வேண்டிய வேலை இதல்ல.

இது நுணுக்கமான வேலை என்பதற்கு, பெரிய ஆலைகளே தடுக்கி விழுந்திருப்பது சாட்சி. அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 2014இல் தன் மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களில் குறிப்பிட்ட விசை பொருத்தியவற்றைத் திரும்பப் பெற்றது. காரணம், ஆலையில் திருகாணிகளில் இட்ட பசை அளவுக்கு மிஞ்சிப் போய், விசை தானாக விடுபடும் வாய்ப்பு. .22 ரகம் அல்ல அவை. ஆனாலும் ஒரு சொட்டுப் பசை செய்த வேலையைப் பாருங்கள்.

அடுத்த சபலம் பட்டறை. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடியிலும் மைக்ரான் கணக்கில் கிரைண்டிங் செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. "நம்ம ஆள்தான் சார், கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுப்பார்" என்று யாராவது சொல்வார்கள். தேய்த்தும் விடுவார். பிரச்சினை, பழைய ரைஃபிள்களின் சியர் முகங்கள் பல மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கப்பட்டவை. அந்தக் கடினத் தோலின் தடிமன் மி.மீ.யில் ஒரு பின்னம். வழவழப்புக்காக அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. முதல் சில நூறு தோட்டாக்களுக்கு விசை வெண்ணெய். பிறகு முகம் உருண்டு, பிடிப்பின் கோணம் மாறி, ஒருநாள் பிடிப்பே இல்லாமல் போகும். அந்த நாள் எது என்று ரைஃபிள் முன்கூட்டிச் சொல்லாது.

பட்டறைக்காரருக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அவர் அறியாதது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதம் என்பதில் அதன் உதிரிப் பாகங்களும் அடக்கம். 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் கேட்கிறது. ரைஃபிளுக்கு உங்களிடம் உரிமம் இருப்பது, அதைத் தேய்த்துக் கொடுக்கிற லேத் பட்டறைக்குப் பாதுகாப்பு ஆகாது. வெளிநாட்டு விசைப் பெட்டியைக் கைபேசியில் ஆர்டர் போட்டுக் கூரியரில் வரவழைக்கும் யோசனைக்கும் இதே பதில். அமெரிக்கக் காணொளிகளில் சமையலறை மேசையில் வைத்து அரை மணியில் மாட்டிக் காட்டுகிறார்கள். அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே சுங்கத் துறை பிரித்துப் பார்க்கும் பொட்டலத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

இந்தப் பகுதியில் காவல் துறை இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஜவ்வாது மலைப் பகுதிகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி நாளிதழ்களுக்குப் பழகிப்போன ஒன்று. துப்பாக்கிப் பாகத்தோடு பட்டறையில் நிற்பவர் விளையாட்டு வீரரா, வேறு வகையா என்று முதல் பார்வையில் யாருக்கும் தெரியாது. ஆகவே ஆவணத்தோடு போவது நல்லது. வழி இதுதான்: உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம், உங்கள் ஆயுத உரிமத்தோடு நேரில் கொடுத்து, அவருடைய பதிவேட்டில் ஏற்றிப் பெற வேண்டும். பெரும்பாலும் அது சென்னைப் பயணம். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, ஆற்காட்டிலோ வாணியம்பாடியிலோ இருப்பவருக்கு உரிமம் சார்ந்த வேலைகள் சத்துவாச்சாரியிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் அல்ல, ராணிப்பேட்டையில், திருப்பத்தூரில். இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஒன்றுமே செய்யக் கூடாதா?" என்று தந்தையர் முகம் வாடுவார்கள். செய்ய நிறைய இருக்கிறது. ரைஃபிளைத் திறக்காமலே செய்யக்கூடியது முதலில்.

விசை நாக்கின் இடம். போட்டி ரைஃபிள்களில் விரல் படும் அந்த நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சிலவற்றில் சாய்க்கவும் செய்யலாம். இதை யாரும் மேம்பாடு என்று கருதுவதில்லை. என் பார்வையில் இதைவிடப் பெரிய மேம்பாடு இல்லை. ஒரு ரைஃபிளைக் கழகத்தில் நாலு பேர் சுடுவார்கள். ஆறடி இளைஞனுக்கு அமைத்த நாக்கில் எட்டாம் வகுப்புப் பெண்ணின் விரல் எட்டாது. எட்டுவதற்காகக் கை கைப்பிடியில் முன்னே நகரும், மணிக்கட்டு திரும்பும், விரலின் நுனி மட்டும் ஓரமாகப் படும். அந்தப் பிள்ளையின் துளைகள் பக்கவாட்டில் வரிசையாகப் பரவும். எல்லோரும் விசை கனம் என்பார்கள். நாக்கைச் சில மி.மீ. பின்னே கொண்டுவந்து, விரலின் முதல் கணுவின் மெத்தைப் பகுதி நடுவில் படும்படி, விரல் கட்டையைத் தொடாதபடி வைத்துப் பாருங்கள். அதே எடை, வேறு ரைஃபிள். கன்னம் பதியும் பலகையின் உயரமும் கட்டையின் நீளமும் இதோடு சேர்ந்தவை. கை இயல்பாக விழும் இடத்தில் விசை இருக்க வேண்டும், விசை இருக்கும் இடத்துக்குக் கை போகக் கூடாது.

துளைகள் பரவும் திசை நிறையச் சொல்லும். பக்கவாட்டில் பரவினால் விரலையோ காற்றையோ சந்தேகியுங்கள். மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் தோட்டாவையும் பாருங்கள். தோட்டாக்களின் வேகம் ஒன்றுக்கொன்று மாறினால் உயரம் மாறும். மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்க வைத்து நிதானமாகச் சுட்டும் துளைகள் சிதறுகின்றன என்றால், உலகத்திலேயே விலையுயர்ந்த விசையாலும் பயனில்லை. அந்தக் குழலுக்கு அந்தத் தோட்டா பொருந்தவில்லை. .22இல் இது விசித்திரமான உண்மை: ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள தோட்டாவில்கூட ஒரு தயாரிப்புத் தொகுதி ஒரு குழலுக்குப் பிடிக்கும், அடுத்தது பிடிக்காது. ஒலிம்பிக் வீரர்கள் தங்கள் குழலை எடுத்துக்கொண்டு தோட்டா ஆலைக்கே போய், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து வாங்குவது இதனால்தான். நம்மால் ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ போக முடியாது. கிடைக்கும் இரண்டு மூன்று வகைகளைத் தாங்குபலகையில் சுட்டு ஒப்பிடவாவது முடியும். விசைக்கு ஒதுக்கிய பணம் முதலில் போக வேண்டியது அங்கே.

திருகாணிகள் உள்ள விசையை வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எல்லைக்குள் எடையைச் சரிசெய்யலாம். அதற்கு முன் இப்போதைய எடை என்ன என்று அளக்க வேண்டும். விரல் பொய் சொல்லும். காலையில் லேசாக இருந்தது மாலையில் கனக்கும். வெற்று ரைஃபிளின் விசை நாக்கில் சிறு தராசுக் கொக்கியை மாட்டி, பல முறை இழுத்து, எண்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடையைவிட அந்த ஏற்ற இறக்கம் முக்கியம். 300 கிராம் விசை ஒவ்வொரு முறையும் 300இல் விடுபட்டால் அதோடு வாழலாம். 150க்கும் 300க்கும் இடையே ஊசலாடினால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது.

அழுக்கு என்றதும் எண்ணெய் நினைவுக்கு வருகிறது. வேலூர் வெயிலுக்கு அறிமுகம் வேண்டாம். மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும். பாலாற்றில் தண்ணீரைவிட மணல் பறப்பதைப் பார்த்தவர்கள் அதிகம். இந்த ஊரில் விசைப் பெட்டிக்குள் தாராளமாக எண்ணெய் விட்டால், அது புழுதியை அழைத்து வந்து குடிவைத்துக்கொள்ளும். வெயிலில் ஆவியாவது போக மிஞ்சுவது பசை. தையல் இயந்திரத்துக்கு விடுவதைப்போல் விடும் வழக்கம் இங்கே உண்டு. போட்டி விசைகளுக்கு அது எதிரி. விசை திடீரென்று கனக்கிறது என்று சென்னைக்குக் கொண்டுபோகிற ரைஃபிள்களில், துடைத்து உலர்த்திக் கொடுத்ததும் சரியாகிப்போனவை உண்டு. வியர்வையும் கணக்கில் சேரும். ஈர விரல் நாக்கில் வழுக்கும், படும் இடம் மாறும். ஒரு சிறு துண்டு போதும். ஆனால் அது சுடும் பாயருகே இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகுவது வீட்டிலேயே செய்யக்கூடிய, செலவே இல்லாத மேம்பாடு. .22இல் மட்டும் ஒரு எச்சரிக்கை. இதில் ஃபயரிங் பின் தாக்குவது தோட்டாவின் விளிம்பை. குழலில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருந்தால், சில பழைய ரைஃபிள்களில் பின்னின் நுனி அறையின் ஓரத்திலேயே மோதித் தழும்பு உண்டாக்கும். பிறகு தோட்டா உள்ளே போகவே அடம்பிடிக்கும். சுட்டுமுடித்த தோட்டாவின் வெற்று உறையை, அதாவது கேஸை, பழைய அடையாளம் வேறு பக்கம் திரும்பி நிற்கும்படி போட்டு இழுக்கலாம். கேஸ் வெற்றுதானா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். நீங்கள் பழகும் வீட்டு அறையிலேயே தோட்டாப் பெட்டி இருக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் விசைதான் தடை என்று உறுதியானால், மாற்றுங்கள். அந்த ரைஃபிளுக்கென்று தயாரிப்பாளரே செய்த விசைப் பெட்டியாக இருக்கட்டும். உரிமம் பெற்றவர் பொருத்தட்டும். திரும்பி வந்ததும் முதல் வேலை இலக்கு அல்ல. அறை காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைப் பல முறை வேகமாக மூடிப் பாருங்கள். பிறகு போல்ட் மூடிய நிலையில், விசையைப் பூட்டிவைக்கும் சேஃப்டியைப் போடாமல், கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்து, விரலை எடுத்து, சேஃப்டியை விடுவியுங்கள். இந்த மூன்றில் எதிலாவது ஃபயரிங் பின் தானாக விழுந்தால், அந்த ரைஃபிள் ரேஞ்சுக்குப் போகக் கூடாது, பொருத்தியவரிடமே போக வேண்டும்.

தேறிவிட்டால், தொடக்கத்தில் எடையைக் கையேட்டின் மேல் எல்லைக்கு அருகில் வையுங்கள். இரண்டு கிலோவுக்குப் பழகிய விரலை ஒரே நாளில் 100 கிராமில் நிறுத்தினால், முதல் நிலை எது, சுவர் எது என்று தெரியும் முன்பே தோட்டா போய்விடும். பக்கத்து வரிசைக்காரரின் இலக்கில் உங்கள் துளை விழுவது இப்படித்தான். சில வாரங்களுக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுவர் கைக்குத் தெரியாமல் போகும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி மேலே ஏற்றி வைத்துக்கொள்ளலாம். முதல் சில வாரங்கள் புள்ளி இறங்கவே செய்யும். விரல் பழையதை மறந்து புதியதைக் கற்கும் காலம் அது. மாவட்டப் போட்டிக்கோ மாநிலப் போட்டிக்கோ பெயர் கொடுத்துவிட்ட பிறகு, போட்டி முடியும் வரை அந்தத் திருகாணிகளின் பக்கம் யாரும் போக வேண்டாம், தந்தை உட்பட.